ஆசைக்கு ஒரு சைலன்சர்

மோட்டார் சைக்கிளை இஷ்டப்படி மாற்றியமைக்கும் மோகம் நாடெங்கும் பரவியிருக்கிறது. சட்டம் குறுக்கே நிற்கிறது, போலீஸ் ரோடு ரோலர் ஏற்றுகிறது. ஒருவரின் ஆசைக்கு விலை கொடுப்பது யார் என்ற கேள்வி மட்டும் தனியே நிற்கிறது.

முதலில் அவற்றைச் சாலையில் வரிசையாக அடுக்குகிறார்கள். நூற்றுக்கணக்கான குழாய்கள். சில குரோமியப் பளபளப்புடன், சில கறுப்பு வண்ணத்தில், சில துருவேறி. போலீஸ் அதிகாரிகள் வந்து நிற்கிறார்கள், கேமராக்கள் தயாராகின்றன, ரோடு ரோலர் மெல்ல நகர்கிறது. பெங்களூர், நாக்பூர், விசாகப்பட்டினம் என்று பல நகரங்களில் போக்குவரத்து போலீசார் நடத்திக்காட்டிய காட்சி இது. நசுங்குபவை, மோட்டார் சைக்கிள்களிலிருந்து கழற்றிப் பறிமுதல் செய்யப்பட்ட சைலன்சர்கள். பெயருக்குத்தான் சைலன்சர். சத்தத்தை அடக்குவதை விட்டுவிட்டு அதைப் பெருக்கிக்காட்டுவதே அவற்றின் வேலை.

ரோலர் போனபின் சந்தையில் எதுவும் மாறுவதில்லை. தில்லி கரோல் பாக்கின் நைவாலா சந்துக்குள் நுழைந்தால் காரணம் புரியும். இருபுறமும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் கடைகளில் மோட்டார் சைக்கிளுக்கு என்னவெல்லாம் பூட்ட முடியுமோ அவ்வளவும் தொங்குகிறது: அகன்ற ஹேண்டில்பார், குட்டை மட்கார்டு, ஒற்றை சீட்டு, நீல வெளிச்சம் கக்கும் விளக்கு, பத்துப் பன்னிரண்டு தினுசு சைலன்சர். வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனவர், மாலைக்குள் வேறொரு வண்டியில் வெளியே வரலாம். கல்கத்தாவின் மல்லிக் பஜார், பெங்களூரின் ஜே.சி. ரோடு, சென்னையின் புதுப்பேட்டை என்று ஒவ்வொரு பெருநகரத்துக்கும் இப்படி ஒரு பேட்டை உண்டு.

ஆசைக்குக் காரணம் தேடி அலையவேண்டியதில்லை. 2023-24 நிதியாண்டில் மட்டும் இந்தியாவுக்குள் விற்ற இரு சக்கர வாகனங்கள் சுமார் 1.8 கோடி. எல்லாம் சில அச்சுகளில் வார்த்தவை. பக்கத்து வீட்டிலும் அதே மாடல், அதே சிவப்பு. கடன் வாங்கி, மாதாமாதம் தவணை கட்டும் இளைஞனுக்கு வாழ்க்கையில் முதன்முதலாகத் தனக்கென்று சொந்தமாகக் கிடைத்த பெரிய பொருள் அந்த வண்டி. அதில் தன் அடையாளத்தைப் பதிக்க அவன் விரும்புகிறான். நம்பர் பிளேட்டுக்கு மேலே ‘அம்மாவின் ஆசி’ என்று எழுதுவதில் ஆரம்பிக்கும் அந்த விருப்பம், பணமும் துணிச்சலும் இருந்தால், சேஸிஸையே அறுத்து ஒட்டுவதில் போய் முடிகிறது. மேல்தட்டில் இது ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. மும்பையின் வர்தென்ச்சி, ஜெய்ப்பூரின் ராஜ்புதானா கஸ்டம்ஸ் போன்ற பட்டறைகள் ஒற்றை வாடிக்கையாளருக்காக ஒற்றை வண்டியைச் செதுக்கிப் பெயரெடுத்தவை. 2013இல் தொடங்கிய இந்தியா பைக் வீக் விழாவில் இத்தகைய வண்டிகளைச் சுற்றிக் கூட்டம் மொய்க்கிறது.

பாதி மெக்கானிக்

இந்த மோகத்தில் அதிகம் அறுபட்ட வண்டி எது என்று கேட்டால், எல்லா ஊர் மெக்கானிக்குகளும் புல்லட்டைத்தான் கைகாட்டுவார்கள். அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. பிரிட்டனின் ரெட்டிச் நகரில் பிறந்த ராயல் என்ஃபீல்டை எல்லைக் காவலுக்காக 1950களில் இந்திய ராணுவம் தேர்ந்தெடுத்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டு ஏற்பட்டு ‘என்ஃபீல்டு இந்தியா’ உருவாக, தொழிற்சாலை திருவொற்றியூரில் எழுந்தது. 1970களின் தொடக்கத்தில் தாய் நிறுவனம் பிரிட்டனில் மறைந்துபோனது. பிள்ளை இங்கே ஏறத்தாழ அதே உருவத்தில், அதே வார்ப்பிரும்பு எஞ்சினோடு ‘டுப் டுப்’ என்று ஓடிக்கொண்டிருந்தது. 1994இல் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தபிறகும் பழைய எஞ்சின் உடனே போகவில்லை. 2009-10 வாக்கில்தான் விடைபெற்றது.

அந்தப் பழைய புல்லட் உரிமையாளரைச் சும்மா இருக்கவிடாது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கிளப்புவதே ஒரு சடங்கு. சாவியைத் திருப்பி, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்தவேண்டும். டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு பிஸ்டனைச் சற்றே தாண்டவைத்து, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் முழு எடையோடு ஓர் உதை. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி உதைக்கும், கணுக்கால் வீங்கும். டேப்பெட் தளர்ந்தால் சத்தத்திலேயே தெரியும். பிளாட்டினம் பாயிண்ட்டில் கரி படிந்தால் வண்டி இருமும். எண்ணெய் ஒழுகாத புல்லட்டில் எண்ணெயே இல்லை என்று அர்த்தம் என்பது அந்தக் காலத்துப் பட்டறை நகைச்சுவை.

ஆக, புல்லட் வைத்திருப்பவர் பாதி மெக்கானிக்காக ஆகியே தீரவேண்டியிருந்தது. மீதிப் பாதிக்குத் தெருமுனை மெக்கானிக் இருந்தார். பத்துப் பன்னிரண்டு வயதில் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கச் சேர்ந்து, நட்டு போல்ட்டின் அளவைக் கையால் தடவியே சொல்லக் கற்றவர். படிப்பு இல்லை, சான்றிதழ் இல்லை. வண்டி தெருவுக்குள் நுழையும்போதே கோளாறு கிளட்ச்சிலா செயினிலா என்று சொல்லிவிடும் காது இருந்தது. ஒரு பாகம் கிடைக்காவிட்டால் பக்கத்து லேத் பட்டறையில் கடைந்து பூட்டிவிடுவார். வண்டியை மாற்றியமைக்கும் திறமை இந்த மண்ணில் வேர்விட்டது இங்கேதான்: ஆடம்பரத்தில் முளைத்ததல்ல, இல்லாமையில் முளைத்தது.

இல்லாமை பெற்றெடுத்த மாற்றங்களில் தலைசிறந்தது குஜராத்தில் நடந்தது. அம்ரேலி மாவட்டத்து மன்சுக்பாய் ஜகானி என்ற விவசாயி-மெக்கானிக் 1994 வாக்கில் ஒரு டீசல் புல்லட்டை எடுத்தார். வறட்சியில் மாடு வைத்துக் காப்பாற்ற முடியாத, டிராக்டர் வாங்க வசதியில்லாத சிறு விவசாயிகள் அவரைச் சுற்றி இருந்தார்கள். புல்லட்டின் பின் சக்கரத்தைக் கழற்றி, அந்த இடத்தில் இரண்டு சிறு சக்கரங்களும் உழவுக் கருவிகளும் கொண்ட சட்டத்தைப் பூட்டினார். வண்டி ஏராகிவிட்டது. ‘புல்லட் சாந்தி’ என்று அதற்குப் பெயர். குஜராத்தியில் ‘சாந்தி’ என்றால் ஏர். நாம் நினைக்கும் சாந்தி இல்லை. ஆமதாபாத்தில் 2000இல் தொடங்கப்பட்ட தேசிய புதுமையாக்க அறக்கட்டளை அவரது கண்டுபிடிப்பை ஏற்றுப் பாராட்டியது. சௌராஷ்டிரத்துச் சாலைகளில் முன்பாதி புல்லட்டும் பின்பாதி மரத்தட்டு வண்டியுமாக ஆட்களையும் நிலக்கடலை மூட்டைகளையும் சுமந்து ஓடிய ‘சக்கடா’க்களும் இதே பரம்பரையைச் சேர்ந்தவைதான்.

சட்டத்தின் ஒற்றைக் கோடு

மன்சுக்பாயின் ஏரும் கரோல் பாக் சைலன்சரும் நமக்கு வேறு வேறாகத் தெரிகின்றன. சட்டத்தின் கண்ணுக்கு அவ்வளவு வேறுபாடு தெரிவதில்லை.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு 2000இல் திருத்தப்பட்டது. வண்டியின் பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக்கூடாது என்பது அதன் சாரம். கேரள உயர் நீதிமன்றம் இதற்குச் சற்று நெகிழ்வான பொருள் கொண்டிருந்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, தயாரிப்பாளரின் அளவுகளை மீறி வண்டியை மாற்ற முடியாது என்று தெளிவுபடுத்தினார்கள். அதே ஆண்டு நிறைவேறிய சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று தண்டனை வகுத்தது. பதிவுச் சான்றில் வண்டியின் நிறமும் ஒரு விவரம். எனவே நிறத்தை மாற்றினால்கூட ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

கைக்குக் கிடைத்த எஞ்சினையும் மரத்தையும் சேர்த்து வட மாநிலங்களில் கட்டும் ‘ஜுகாட்’ வண்டிகளும் மோட்டார் வாகனங்களே, அவையும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவையே என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரேக்கும் காப்பீடும் இல்லாமல் ஓடும் வண்டியில் அடிபட்டுச் செத்தவரின் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் நீதிமன்றம் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

மாற்றம் என்ற ஒரே சொல்லுக்குள் சட்டம் பல காரியங்களை அடைத்துவிடுவதுதான் சிக்கல். கழனிக்குள் ஓடும் ஏர், குட்டையான ஆளுக்காகத் தாழ்த்திய சீட்டு, குழந்தைகள் தூங்கும் தெருவில் வெடிக்கும் சைலன்சர் எல்லாம் ஒரே பட்டியலில் வந்துவிடுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க ஒரு எளிய அளவுகோல் இருக்கிறது. மாற்றத்தின் பலன் யாருக்கு, செலவு யாருக்கு என்று கேட்கவேண்டும்.

வெடியின் கணக்கு

சைலன்சரையே எடுத்துக்கொள்ளலாம். எஞ்சினிலிருந்து ஒவ்வொரு வெடிப்பின்போதும் அழுத்தத்துடன் புகை வெளியேறுகிறது. சைலன்சருக்குள் துளையிட்ட குழாய்களும் தடுப்புத் தகடுகளும் இருக்கின்றன. ஒலி அலைகள் அவற்றில் மோதி, திரும்பி, ஒன்றையொன்று தணித்துக்கொள்கின்றன. தடுப்புகளைப் பிடுங்கிவிட்டால் சத்தம் அப்படியே தெருவுக்கு வரும். வடக்கே ‘படாகா’ என்று ஒரு வித்தை பிரபலம். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சாவியை அணைத்து மறுபடி போடுவார்கள். எரியாத பெட்ரோல் ஆவி சூடான சைலன்சருக்குள் போய்ச் சேர்ந்து தீப்பிடிக்கும். பட்டாசு வெடித்தது போல ஓர் ஓசை. ஓட்டுபவருக்கு ஒரு நொடி கம்பீரம். தெருவோரத்து இதய நோயாளிக்கு, கைக்குழந்தைக்கு, பரீட்சைக்குப் படிப்பவனுக்கு அந்த நொடி வேறு மாதிரி.

175 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இரு சக்கர வண்டிக்குத் தயாரிப்பு நிலையில் அனுமதிக்கப்படும் சத்தத்தின் உச்ச அளவு 80 டெசிபல். 80 முதல் 175 சி.சி. வரை 77. டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. 2021 ஜூலையில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ கிளை, மாற்றிய சைலன்சர்களின் இரைச்சலைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. ஒலி, புகை விதிகளை மீறி ஓட்டினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும், கூடவே மூன்று மாதத்துக்கு உரிமம் இழப்பும் வரலாம்.

ஓட்டுபவருக்காவது லாபம் உண்டா? திறந்த சைலன்சர் போட்டால் இழுவை கூடும் என்று கடைக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். 2020 ஏப்ரல் முதல் கட்டாயமான பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் கதை நேர்மாறாகவே முடியக்கூடும். சைலன்சர் பாதையில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. எரிந்த வாயுவில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் என்று அளந்து சொல்லும் சென்சார் இருக்கிறது. அதைக் கேட்டு எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சுவது என்று தீர்மானிக்கும் கணினி இருக்கிறது. சந்தைச் சைலன்சரில் கன்வெர்ட்டர் பெரும்பாலும் இருக்காது. புகை அப்படியே ஊருக்குப் போகும். கணினியின் கணக்கு குழம்பினால் எச்சரிக்கை விளக்கு எரியும், மைலேஜ் இறங்கும். காசு கொடுத்து வாங்கிய நஷ்டம்.

புடவைத் தலைப்பும் ஓம் பன்னாவும்

சத்தமில்லாமல் செய்யும் மாற்றங்கள் இன்னும் ஆபத்தானவை. பின் சக்கரத்தின் பக்கவாட்டில் கம்பியோ தகடோ பூட்டியிருக்கும். சாரி கார்டு. வண்டியின் ‘லுக்’கைக் கெடுக்கிறது என்று புது வண்டி வாங்கிய வாரமே பலர் கழற்றி எறிவது அதைத்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி மூன்றைக் கட்டாயமாக்குகிறது: பின்னால் அமர்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க மிதி, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு. புடவைத் தலைப்போ துப்பட்டாவோ ஆரத்தில் சிக்கினால் கழுத்து நெரிபடுவதும் தலை தரையில் மோதுவதும் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். அழகு ஓட்டுபவருக்கு. ஆபத்து பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு, தாய்க்கு, சகோதரிக்கு.

பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றுவது, இண்டிகேட்டரை நகத்தளவு சுருக்குவது, எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும் விளக்கு, மடித்துவைத்த நம்பர் பிளேட் எல்லாம் இதே வகை. அளவுக்கு மீறி அகலமான டயர் போட்டால் வளைவில் வண்டி சாயும் சுபாவமே மாறும். செயினில் உரசவும் கூடும். 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஏறத்தாழ 75,000 பேர் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். அதே ஆண்டு ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029. சைலன்சருக்குச் செலவழித்த தொகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள நல்ல ஹெல்மெட் இரண்டு வாங்கியிருக்கலாம்.

ராஜஸ்தானில் பாலி நகரிலிருந்து ஜோத்பூர் போகும் நெடுஞ்சாலையில் ஒரு புல்லட்டுக்குக் கோயில் இருக்கிறது. 1988இல் அங்கே விபத்தில் இறந்த ஓம் சிங் ராத்தோரின் வண்டி அது. போலீஸ் நிலையத்துக்கு எடுத்துச் சென்ற வண்டி தானாகவே விபத்து நடந்த இடத்துக்குத் திரும்பியது என்பது உள்ளூர் நம்பிக்கை. ‘ஓம் பன்னா’ என்று கும்பிட்டு, மாலை சாத்தி, நல்லபடியாக ஊர்போய்ச் சேரவேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பலர் அந்த இடத்தைத் தாண்டுகிறார்கள். மோட்டார் சைக்கிளை நேசிக்கும் தேசத்துக்கு அதன் மேல் உள்ளூரப் பயமும் உண்டு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பழையதைக் காப்பவர்கள்

கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போகிறவர்களும் இருக்கிறார்கள். மாற்றுவது அவர்கள் நோக்கமல்ல, வண்டி பிறந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே மீட்பது. மைசூரின் ஐடியல் ஜாவா ஆலை 1996இல் மூடப்பட்ட பின்னும் ஜாவா, யெஸ்டி வண்டிகளை வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் ஜூலை இரண்டாம் ஞாயிறு ஊர் ஊராகக் கூடி அணிவகுக்கிறார்கள். 1985இல் வந்து 1996இல் நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ். 100க்கு இன்றைய மவுசைக் கண்டால் அதைத் தயாரித்தவர்களே வியப்பார்கள். அசல் கார்புரேட்டருக்காக, அசல் பெட்ரோல் டேங்க் மூடிக்காகக் காயலான் கடைகளில் நாள் கணக்காகத் துழாவுகிறார்கள்.

இவர்களுக்கும் சட்டத்தில் ஓர் இடைவெளி காத்திருக்கிறது. 2021இல் மத்திய அரசு வகுத்த விதிப்படி, 50 ஆண்டைத் தாண்டி, அசல் வடிவம் கெடாத வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாம், தினசரி ஓட்ட முடியாது. தலைநகர்ப் பகுதியிலோ 15 ஆண்டைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் ஓடக்கூடாது என்ற தடையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அப்படியானால் 15க்கும் 50க்கும் நடுவே தில்லியில் ஒரு ஆர்.எக்ஸ். 100 எங்கே போய் ஒளிந்துகொள்வது? காற்று மாசு நிஜமான பிரச்சினைதான். ஆனால் எப்படிப் பராமரிக்கப்பட்டது என்று பாராமல், வயதை மட்டும் பார்க்கும் அளவுகோல் ஒழுங்காக வைத்திருப்பவரையும் சேர்த்தே தண்டிக்கிறது.

கை போன இடம்

இவற்றுக்கெல்லாம் நடுவே சத்தமில்லாமல் நசுங்கிக்கொண்டிருப்பவர் தெருமுனை மெக்கானிக். கார்புரேட்டர் போய் பெட்ரோல் பீய்ச்சும் கருவி வந்தது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமானது. மாற்றங்கள் நல்லவை, புகை குறைந்தது, சறுக்கி விழுவது குறைந்தது. ஆனால் கோளாறைக் கண்டுபிடிக்கக் காது போதாது, வண்டியின் கணினியோடு பேசும் ஸ்கேனர் வேண்டும். கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் அது இருக்கிறது. வேப்பமரத்தடிப் பட்டறையில் பெரும்பாலும் இல்லை. பழைய ஞானத்துக்கு வேலை குறைந்துபோன மெக்கானிக் பிழைப்புக்காக எதை நாடுவார்? கையில் மிச்சமிருக்கும் தொழிலை: சைலன்சர் மாற்றுவது, விளக்கு பூட்டுவது, சாரி கார்டைக் கழற்றுவது. ரோடு ரோலருக்கு முன்னால் அடுக்கப்படும் குழாய்களில் இந்தக் கதையும் இருக்கிறது. ஐ.டி.ஐ.களின் வழியாக மாலை வகுப்பும், கூட்டாக ஸ்கேனர் வாங்கக் கடனும் கிடைத்தால் அந்தக் காதும் கையும் வீணாகாது. சைலன்சரை நசுக்கும் செலவைவிட அது பெரிதாக இராது.

உரிமையாளருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. மணாலியிலிருந்து லே வரை ஏறத்தாழ 430 கிலோமீட்டர். தண்டி கிராமத்துப் பெட்ரோல் பங்க்கில் இருந்த ‘அடுத்த பங்க் 365 கி.மீ.’ என்ற அறிவிப்பு மோட்டார் சைக்கிள்காரர்கள் நடுவே பிரசித்தம். அந்தப் பாதையில் அனுபவசாலிகள் எடுத்துப் போகும் மூட்டையைப் பிரித்துப் பாருங்கள்: ஒரு கிளட்ச் கேபிள், ஒரு ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஸ்பார்க் பிளக், டியூப், செயின் லாக், பஞ்சர் சாமான், ஸ்பேனர் செட். குரோமிய அலங்காரம் எதுவும் அதில் இருக்காது. ஐயாயிரம் மீட்டருக்கு மேலே தங்லங் லா கணவாயில் கேபிள் அறுந்தால் உதவுவது, அதை மாட்டத் தெரிந்த கை மட்டுமே.

அந்தக் கைப்பழக்கத்துக்கு இமயமலை ஏறவேண்டியதில்லை. சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை செயினைத் துடைத்து எண்ணெயிட்டு, தொய்வை விரலால் தூக்கிப் பார்க்கலாம். வாரம் ஒரு முறை காலையில் டயர் சூடாகும் முன் காற்றழுத்தம் பார்க்கலாம். எஞ்சின் ஆயில் அளவு, பிரேக் கட்டையின் தேய்மானம், தளர்ந்த ஸ்போக்ஸ் ஆகியவற்றைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போதும். இப்படிச் சில மாதம் பழகியவருக்கு வண்டியில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. முதுகுவலிக்காரருக்குச் சீட்டு, நீண்ட பயணத்துக்குச் சாமான் ஸ்டாண்ட், மழைக்குப் பிடிமானமுள்ள சரியான அளவு டயர். பலன் அவருக்கு, செலவும் அவருக்கு. அடுத்த வீட்டுக்காரரின் தூக்கம் அந்தக் கணக்கில் வராது.